நாதாங்கிக்கு யார் காவல்?

கேள்வி: பத்து நாள் காசிக்குப் போகிறோம். பூட்டிய வீட்டை நினைத்துத் தூக்கமே வரவில்லை. என்ன செய்ய?
(வாசகி, விருத்தாசலம்)

பதில்: முதலில், சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். மீட்டர் பெட்டி, செருப்பு ஸ்டாண்டு, நிலைக்கு மேலே... திருடருக்கு எல்லாம் தெரியும். அவருடைய அம்மாவும் அங்கேதான் வைப்பார்.

ஆயிரம் ரூபாய்ப் பூட்டை அரை அங்குலத் திருகாணியில் நிற்கும் நாதாங்கியில் மாட்டுகிறோம். வருகிறவர் பூட்டைத் தொடவே மாட்டார், நாதாங்கியை நெம்புவார். கதவுக்குள் பதித்த பூட்டு நல்லது. வெளியே தொங்கும் பூட்டு, 'ஆள் இல்லை' என்று போர்டு மாட்டியது மாதிரி.

அதைவிடப் பெரிய போர்டு உங்கள் வாசல். மூன்று நாள் கோலம் இல்லை, கேட்டில் செருகிய நாளிதழ்கள், பட்டப்பகலில் எரியும் விளக்கு. பேப்பரை நிறுத்துங்கள். பக்கத்து வீட்டு அக்காவை இரண்டு இழை கோலம் இழுக்கச் சொல்லுங்கள். கூலி ஒரு கங்கைச் சொம்பு.

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால், ரோந்து வருபவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள். நகை வங்கி லாக்கருக்கு. அங்கே திருடு போனால் ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்கு வரை வங்கியின் பொறுப்பு. 2022 முதல் ரிசர்வ் வங்கி விதி. வாடகை 3,000 என்றால் 3 லட்சம். எத்தனை பவுன் என்று கணக்குப் போடாதீர்கள், மனசு கஷ்டப்படும். ஆனால் அரிசிப் பானை அதுகூடத் தராது.

கங்கைக்கரை செல்ஃபி, ஊர் திரும்பிய பிறகு. வீட்டுக்காரரிடமும் சொல்லிவையுங்கள், ரயில் ஏறும்போதே ஸ்டேட்டஸ் போடுகிறவர் அநேகமாக அவர்தான்.