ஓடியவளுக்கு ஒரு பட்டம்

எங்கள் காலத்தில் கல்லூரியில் ஓடுகிறவர்களின் கனவெல்லாம் ஒரே தாளில் இருந்தது. ஃபார்ம் த்ரீ. அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்துவிட்டால் வேலைவாய்ப்புக்கென்று பல்கலைக்கழகம் முத்திரை வைத்துத் தரும் சான்றிதழ். அசலை யார் கேட்டாலும் கொடுத்துவிடாதே, நகலில் அட்டெஸ்டேஷன் வாங்கி வைத்துக்கொள் என்று சீனியர் அக்காக்கள் முதல் வருடமே சொல்லித் தந்துவிடுவார்கள். பையன்களுக்கு வங்கி, மின்வாரியம், ஐ.சி.எஃப். என்று பல வாசல்கள். எங்களுக்கு ரயில்வே, இல்லாவிட்டால் போலீஸ்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தஞ்சைப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் 800 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தேன். மண் மைதானம், சுண்ணாம்புக் கோடு. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மைதானம் காயும்வரை ரோட்டோரம்தான் பயிற்சி. எனக்குக் கணக்கு நன்றாக வரும். ஆனால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்த பெண்ணுக்கு எதில் இடம் மிச்சமோ அதுதான் படிப்பு என்றார்கள், வரலாறு கிடைத்தது. எதில் சேர ஆசை என்று யாரும் கேட்கவில்லை. வகுப்புக்கு வராவிட்டாலும் யாரும் கேட்கவில்லை. அதைச் சலுகை என்றே நாங்கள் நம்பினோம். பதினெட்டு வயதுப் பெண்ணிடம் நீ படிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது, இந்த உடற்கல்வி வேலைக்கு வந்தபிறகு எனக்கு நாள்தோறும் உறைக்கிறது.

நான்கு பேர் தொடரோட்டத்தில் மூன்றாம் இடம் வந்தோம். நால்வர் கையிலும் அதே ஃபார்ம் த்ரீ. ஒருத்தி உடனே ரயில்வேயில் சேர்ந்தாள், பட்டப்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு. பட்டதாரிகளுக்கான தேர்வு அறிவிப்பு ஒவ்வொன்றும் வரும்போது அவள் ஓரமாக நிற்க வேண்டியிருந்தது. இன்னொருத்திக்கு மூன்றாம் வருடம் முழங்கால் போயிற்று. அரியர்கள் குவிந்து கிடந்தன. கால் ஆறி எழுந்தபோது வேலைக்கான வயதும் தாண்டிவிட்டது. நானும் நான்காமவளும் தேறினோம். என் பி.ஏ. இல்லாவிட்டால் பி.பி.எட். இல்லை, எம்.பி.எட். இல்லை, இன்று நான் உட்கார்ந்திருக்கும் உடற்கல்வி இயக்குநர் நாற்காலியும் இல்லை. ஒரே பதக்கத்தை வாங்கிய நால்வரையும் பிரித்துவைத்தது அந்த டிகிரிதான்.

இன்றைக்கு வருவோம். மாவட்டந்தோறும் விளையாட்டரங்கம், பல ஊர்களில் சிந்தெடிக் டிராக். 2020இல் புவனேஸ்வரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகள். கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வானவர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுப் பணம். தமிழக அரசு வேலையில் 3 சதவீதம், பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள். எங்கள் கனவிலும் வராத ஏற்பாடுகள் இவை, மனம் நிறைந்து வரவேற்கிறேன்.

ஆனால் வகுப்பறை மட்டும் எங்கள் காலத்திலேயே நிற்கிறது. போன பருவத்தில் வேதியியல் படிக்கும் என் மாணவி ஒருத்தி, பழுப்பு அட்டை போட்ட ரெக்கார்ட் நோட்டோடு அறை வாசலில் வந்து நின்றாள். இடப்பக்கம் பென்சிலில் அட்டவணைகள், வலப்பக்கம் ஒவ்வொரு சோதனைக்கும் சிவப்பு மையில் கையெழுத்து. இரண்டு பக்கங்களில் மட்டும் கையெழுத்து இல்லை. மண்டலப் போட்டிக்குப் போயிருந்த வாரம் அது.

“மேடம், சால்ட் அனாலிசிஸ் பிராக்டிகல் அன்னைக்குத்தான் எனக்கு ஹீட்ஸ். ஓ.டி. ஃபார்ம் குடுத்தேன். ஓ.டி. அட்டெண்டன்ஸுக்குத்தாம்மா, மார்க்குக்கு இல்லன்னுட்டாங்க.”

அவளை அழைத்துக்கொண்டு துறைக்குப் போனேன். ஒருத்திக்காக லேப் திறக்க முடியாது, லேப் அசிஸ்டென்ட் இல்லை, விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. அவள் எந்தக் கல்லூரியின் பெயரை மார்பில் எழுதிக்கொண்டு ஓடினாளோ அந்தக் கல்லூரி சொன்ன பதில் இது. அவள் வென்றுவந்தால் வாசலில் ஃபிளெக்ஸ் வைப்போம். அவள் முகம் எங்களுக்கு வேண்டும். அவளுடைய பிராக்டிகல் மட்டும் அவள் பாடு. இதை என்னால் ஏற்க முடியவில்லை, இனியும் முடியாது.

இதில் கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் பெற்றோருக்கும் சொல்லித் தருகிறேன். ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வயது 18 முதல் 25 வரைதான். அதில் தளர்வு கிடையாது. பதக்கமும் அண்மை ஆண்டுகளில் வாங்கியதாக இருக்க வேண்டும்; பழைய பதக்கம் செல்லாது. பன்னிரண்டாம் வகுப்போடு நின்றால் லெவல் 2, 3. லெவல் 4, 5 பதவிகளுக்குப் பட்டம் இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது. ஓர் அரியர் ஒரு வருடத்தைத் தின்றால், அது ஓட்டக்காரியின் வாழ்க்கையில் எத்தனை பெரிய வருடம்!

படித்துக்கொண்டே விளையாடியவர்கள் என்று பேச்சு வந்தால் எல்லோரும் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த வெங்கட்ராகவனையும் ஸ்ரீகாந்தையும் சொல்வார்கள், அஸ்வினைச் சொல்வார்கள். பெருமைதான். எனக்கோ மதுரை ரேவதி வீரமணிதான் முதலில் நினைவுக்கு வருவார். பாட்டி வளர்த்த, வெறுங்காலோடு ஓடத் தொடங்கிய பெண். பயிற்சியாளர் கண்ணனின் முயற்சியால் லேடி டோக் கல்லூரியில் படிக்கவும் விடுதியில் தங்கவும் இடம் கிடைத்தது. பிறகு ரயில்வே வேலை, 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடரோட்டம். புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனையும் நினைக்கிறேன். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் வாங்கிய வெள்ளியைப் பறித்தபின் செங்கல் சூளையில் வேலை செய்தார். பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயப் படிப்பை முடித்தார், அரசுப் பயிற்சியாளரானார். பதக்கத்தைப் பறித்தவர்களால் அந்தப் படிப்பைப் பறிக்க முடியவில்லை.

என் மாணவியின் அம்மா வயல் வேலைக்குப் போகிறவர். பிராக்டிகல் விவகாரத்தைக் கேட்டுவிட்டு, “எங்களுக்கு இதெல்லாம் தெரியாதுங்க டீச்சர். ஓடட்டும், வேணாங்கல. ஆனா காலு ஓஞ்ச பெறவு கையில ஒண்ணு இருக்கணும்ல?” என்றார். இது பற்றி நான் எழுதி எழுதி அனுப்பிய கடிதங்களில் சொல்ல வந்ததும் அதுதான்.

அந்தப் பெண் ஹீட்ஸில் ஓடி இறுதிப்போட்டிக்குப் போனாள், ஐந்தாமிடம். பிராக்டிகல் இப்போது அரியராக நிற்கிறது. இந்த ஆண்டுத் தேர்வு டிரையல்ஸுக்குப் போகும் பட்டியலை முதல்வரிடம் கொடுத்தபோது, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர்களுடைய சிறந்த நேரத்தை எழுதினேன். பக்கத்திலேயே எந்தத் தாளில் அரியர், எந்தத் தேர்வு போட்டித் தேதியோடு மோதுகிறது என்பதையும் எழுதினேன். போட்டிக்குப் போகிறவர்களுக்கு மாற்றுத் தேதியில் செய்முறைத் தேர்வு, விட்டுப்போன பாடத்துக்கு மாலை வகுப்பு, சேரும்போதே விரும்பிய பாடம் என மூன்றையும் கேட்டிருக்கிறேன். அவர் துறைத் தலைவர்களை வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அழைத்திருக்கிறார். அந்த ரெக்கார்ட் நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.