சுவர்ப் பிரியர்

வீட்டைக் கட்டி மகிழ்கிறவர் ஒரு வகையார்; கட்டிய வீட்டில் குடியிருந்து மகிழ்கிறவர் இன்னொரு வகையார்; இவ்விரு வகையிலும் சேராமல், கட்டி முடித்த வீட்டின் சுவரை ஓயாது பூசிக்கொண்டிருப்பதையே ஜன்ம சாபல்யமாகக் கருதும் மூன்றாம் வகையாரைக் காண விரும்புவோர், திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவே நெல்வயல்கள் சூழ்ந்திருக்கும் கூத்தாநல்லூருக்கு ஒருமுறை போய்வருவது உத்தமம். மலாயா, சிங்கப்பூர் என்று ஒரு தலைமுறையும், குவைத், துபாய் என்று மறு தலைமுறையும் திரவியம் தேடிப் புறப்பட்ட ஊராதலால், அதற்குச் ‘சின்னச் சிங்கப்பூர்’ என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. அப்படி வெளிநாட்டில் பிழைத்து விடுமுறைக்கு ஊர் திரும்பும் சபுராளிகளுள் தெருவுக்கு ஒருவராவது நம் சுவர்ப் பிரியராக இருப்பார்.

அவருடைய இல்லத்துக்குச் செல்கிறவர் எடுத்த எடுப்பில் நாற்காலியைத் தேடுவது மரியாதை ஆகாது. “உக்காரலாம், முதல்ல இதைத் தடவிப் பாருங்க” என்பதே அங்கே நடக்கும் முதல் உபசாரம். கூடத்துச் சுவரில் மரப்பட்டை, மாடிப்படிச் சுவரில் ஆரஞ்சுத் தோல், படுக்கையறைச் சுவரில் பாலைவன மணல் என்று அறைதோறும் கை வைத்து, அறைதோறும் ஓர் ‘ஆகா’வைச் செலுத்தி, வீடு முழுவதையும் சுற்றி முடித்த பிறகுதான் தேநீர் வரும். அதைச் சுவரில் சாய்ந்தபடி அருந்தலாம் என்று எண்ணினால் சட்டையின் நூல் பிரியும்; சாயாமல் நிமிர்ந்தே இருந்தாலோ, “சுவரு புடிக்கலையா?” என்று அவர் முகம் வாடும்.

அவருடைய பாட்டனார் காலத்தில் சுண்ணாம்பை நீற்றி, நாட்கணக்கில் ஊறவைத்து, மணலுடன் செக்கில் அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரை வார்த்துக் குழைத்துப் பூசினார்கள்; செட்டிநாட்டிலோ கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவையும் சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து, பார்ப்பவர் முகம் தெரியும்வரை மெருகேற்றினார்கள். அவ்வளவு பிரயாசையும் சுவரை வழவழப்பாக்குவதற்கு. நம்மவருடைய பிரயாசை முழுவதும் அதைச் சொரசொரப்பாக்குவதற்கு. கை நடுங்கிய கொத்தனாருக்கு அன்று கூலியில் பிடித்தார்கள். வேண்டுமென்றே கையை நடுக்குகிறவருக்கு இன்று சதுர அடிக்கு இவ்வளவு என்று கூட்டிக் கொடுக்கிறார்கள். “பாய், எங்கப்பன் கரணையை இழுத்தா சுவத்துல ஈ வழுக்கும். நீங்க என்னடான்னா பட்டி பாத்த சுவத்தைச் சீப்பால கீறச் சொல்றீங்க” என்று கிழ மேஸ்திரி மனம் நொந்தால், “மேஸ்திரி, துபாய்ல இப்ப இதுதான் பேஷன்” என்ற ஒரே வாக்கியத்தில் வழக்குத் தீர்ந்துவிடும்.

ஆயினும் காவிரிப் படுகையின் ஈரம் எவருடைய ரசனைக்கும் கட்டுப்பட்டதன்று. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நிலத்து நீர் செங்கல் வழியாக மேலே ஏறும். பழைய சுண்ணாம்புப் பூச்சு அதை ஆவியாக வெளியே விட்டுவிடும். பிளாஸ்டிக் பெயிண்ட் பூசிய புதுச் சுவரோ வழியை மறிக்க, உப்புப் பூத்து, மேற்பூச்சுக் கொப்புளித்து, எந்தக் கடைக்காரர் புத்தகத்திலும் இல்லாத ஒரு டிசைன் தானாகவே உற்பத்தியாகும். ஒருமுறை விருந்துக்கு வந்த மைத்துனர், மற்றச் சுவர்களையெல்லாம் உதாசீனம் செய்துவிட்டு, ஓதம் ஏறிய அந்த மூலையையே வெகுநேரம் தடவி, “இதுதான் எல்லாத்துலயும் டாப்பு மச்சான், என்ன செலவாச்சு?” என்று வியந்தார். பிரியர் ஒரு கணம் திகைத்தார். மறுகணம் கம்பீரமாக, “அது ஸ்பெஷல் மச்சான், உங்களுக்குக் கட்டுப்படியாகாது” என்றார்.

தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் காலத்து ஓவியங்களின் அடியில் சோழர் காலத்து ஓவியங்கள் மறைந்திருந்ததை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். விடுமுறைக்கு ஒரு பூச்சாக ஏறிவரும் கூத்தாநல்லூர்க் கூடத்தைப் பிற்காலத்தில் எவரேனும் சுரண்டிப் பார்ப்பாரானால், துபாய் காலத்து மரப்பட்டையின் அடியில் குவைத் காலத்து அலைகளும், அவற்றின் அடியில் சிங்கப்பூர் காலத்து டிஸ்டெம்பரும், எல்லாவற்றுக்கும் அடியில் பாட்டனாரின் சுண்ணாம்பும் கிரமப்படி அகப்படும்.

இவரை நகைப்பது சுலபம். ஆனால் பதினொரு மாதம் நாலு பேரோடு பங்கிட்டுக்கொள்ளும் கம்பெனி அறையில், சட்டை மாட்ட ஓர் ஆணி அடிப்பதற்கும் அனுமதியில்லாமல் காலந்தள்ளும் மனிதருக்கு, இஷ்டம்போல் கீறவும் குத்தவும் சொந்தமாக ஒரு சுவர் வாய்த்தால், கை சும்மா இருக்குமா?

சென்ற விடுமுறை முடிந்து விமானம் ஏறுமுன் அவர் மேஸ்திரியைத் தனியே அழைத்து, வெனிஸ் நகரத்துப் பூச்சு என்று ஒன்று வந்திருப்பதாகவும், சுண்ணாம்பையும் பளிங்குப் பொடியையும் குழைத்துத் தேய்த்தால் சுவர் வழவழவென்று முகம் தெரிய மின்னும் என்றும், சதுர அடிக்கு எவ்வளவு ஆனாலும் அடுத்த வருகைக்குள் அதைச் செய்து முடித்துவிட வேண்டும் என்றும் உத்தரவிட்டார்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “செஞ்சிடலாம் பாய். ஆனா அதுக்கு எங்கப்பன்ல வரணும்?”