கல்லு நடமுன்ன கம்ப நடுங்க, மனே

விஞ்ஞானக் கல்வி நிலையம் ஒண்டு கட்டப் போறீங்களாம். மாஷா அல்லாஹ். எஸ்டிமேட் போட்டாச்சி, மாடி எத்தன எண்டு முடிவாகிட்டு, திறப்பு விழாவுக்கு எந்த மந்திரியக் கூப்பிடுற எண்டும் பேசி முடிச்சாச்சி. கல்வெட்டுல யார்ர பேரு மேல, யார்ர பேரு கீழ எண்டதுலதான் கொமிட்டி ரெண்டாப் பிரிஞ்சி கிடக்காம். நல்லம். கட்டிடம் வராட்டியும் சண்டை வந்திட்டே, ஊருக்கு அது போதும்.

"ஊர்ச் சனத்திட கருத்தையும் எடுக்கணும்" எண்டு ப்ரபோசல்ல ஒரு வரி இரிக்காம். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கெழவன்ட வாடிக்கு வந்திரிக்கீங்க. சரி, எடுங்க கருத்த. போட்டோவும் எடுங்க. அறிக்கையில ஒட்டுறதுக்கு வேணுமே.

மனே, இந்தக் கரையில விஞ்ஞானம் படிக்கிற இடம் ஒண்டு முதல்லயே கட்டிக் கிடக்கு. பெறுமதி கூடின இடம். ஒலுவில் துறைமுகம் எண்டு பேரு. 2008-ல டென்மார்க் கடன்ல வேலை தொடங்கி, 2013 செப்டெம்பர்ல திறந்தாங்க. கப்பல் வருதோ இல்லையோ, பாடம் நாளாந்தம் நடக்குது. உள்ள போறதுக்கு டிக்கெட்டும் இல்ல.

என்ன பாடம்? மணல் நடக்கிற பாடம். சோழகக் காலத்துல தெக்குப் பக்கத்தால வாற அலை கரையில சாய்வாத்தான் ஏறும். ஏறக்குள்ள மணலயும் சாய்வாத் தூக்கிட்டுப் போகும். இறங்கக்குள்ள நேர இறங்கும். இப்படி அலைக்கு அலை மணல் கொஞ்சம் கொஞ்சமா வடக்க நகரும். வாடைக் காத்துல ஒரு பங்கு திரும்பி வரும். ஆனா வருஷக் கணக்குப் பாத்தா வடக்க போறதுதான் கூட. நடந்து போற மணலுக்குக் குறுக்கால கல்லணைய நீட்டினா என்ன ஆகும்? தெக்குக் கரை பெருத்திச்சி, வடக்குக் கரை மெலிஞ்சிச்சி. ஒலுவில்ல தென்னைகள் வேரோட விழுந்திச்சி, நிந்தவூர்க் கரையயும் கடல் அரிச்சிச்சி. மிச்ச மணல் துறைமுகத்திட வாயிலயே வந்து குந்திட்டு. வள்ளம் போக வழியில்ல. தோண்டுவாங்க, மூடும், திரும்பத் தோண்டுவாங்க.

மணல் நடக்கிறது படிச்ச ஆக்களுக்குத் தெரியாம இல்ல, அவங்கட புத்தகத்துல கணக்கு இரிக்கி. கரைவலைக்காரனுக்கும் தெரியாம இல்ல, அவன்ட கால்ல கணக்கு இரிக்கி. ரெண்டு கணக்கும் ஒரு பாயில குந்திப் பேசினத மட்டும் நான் காணல்ல. மாப்பிள்ளையக் கேக்காம கலியாணச் சோறு ஆக்கின மாதிரி ஆகிட்டு விஷயம்.

அதுக்காக எங்களுக்குப் படிப்பு இல்ல எண்டும் சொல்லேலா. 1995-லயே தென்கிழக்குக் கெம்பஸ் வந்திட்டு. 1999-ல வெளிச்சவீடு வந்திட்டு. துறைமுக மந்திரியா இருந்த அஷ்ரப் சேர் இந்த மண்ணுக்குக் கண்ட கனவு சின்னக் கனவு இல்ல. ஆனா விஞ்ஞான பீடம் மட்டும் சம்மாந்துறையில வயலுக்குக் கிட்டப் போய் இருந்திட்டு. உப்புக் காத்துல விஞ்ஞானம் துருப்பிடிக்கும் எண்டு பயந்தாங்களோ என்னவோ.

கொஞ்சம் பொறுங்க. "கெழவன் சொல்றதுதான் உண்மையான விஞ்ஞானம்" எண்டு எழுதிராதீங்க. பேனய வைங்க கீழ.

2004 டிசம்பர் 26. சுமாத்திராவுல நிலம் குலுங்கி, எங்கட கரைக்குத் தண்ணி வர ரெண்டு மணித்தியாலம் அளவு எடுத்திச்சி. ரெண்டு மணித்தியாலத்துல ஊரே உள்நாட்டுக்கு நடந்து போயிரிக்கலாம். ஆனா எங்கட தண்டயல்மார்ர வாய்ல அந்த அலைக்கு ஒரு பேரு கூட இருக்கல்ல. இலங்கையில ஆகக் கூட உசிரு போனது இந்த அம்பாறை மாவட்டத்துலதான். கடல்லயே பொறந்து வளந்த நாங்க அண்டைக்கு ஒண்டும் அறியாத புள்ளையளா நிண்டம்.

சுமாத்திராவுக்குப் பக்கத்துல சிமெலுவே எண்டு ஒரு தீவு. 1907-ல அங்க ஒரு அலை வந்து கொண்டுபோனத, மூத்தவங்க தாலாட்டுலயும் கதையிலயும் "ஸ்மொங்" எண்டு சொல்லிச் சொல்லி வச்சிரிந்தாங்க. 2004-ல நிலம் ஆடினதும் சனம் மலைக்கு ஓடிட்டு. 70,000-க்கு மேல சனம் இருந்த தீவுல மௌத்தானது 7 பேர். தாய்லாந்துல புக்கெட் கரையில டில்லி ஸ்மித் எண்ட 10 வயது இங்கிலீஷ்காரப் புள்ள, ரெண்டு கிழமைக்கு முந்திப் பள்ளிக்கூடத்துல படிச்ச பூமிசாஸ்திரத்த வச்சே ஆக்களக் காப்பாத்திச்சி. ஒரு இடத்துல கெழவிர கதை, ஒரு இடத்துல டீச்சர்ர பாடம். எங்களுக்கு ரெண்டும் வாய்க்கல்ல.

இதுக்குள்ள இன்னொரு சூட்சுமம் இரிக்கி. அந்தப் புள்ள கண்டது கடல் வத்திப் பின்வாங்கினத. நிலம் குலுங்கின இடத்துல தாய்லாந்துப் பக்கம் கடலடி தாழ்ந்ததால அங்க முதல்ல அலையிட பள்ளம் போய்ச் சேந்திச்சி. எங்கட பக்கம் கடலடி உயந்ததால இஞ்ச முதல்ல வந்ததே அலையிட மேடு. "கடல் வத்தினா ஓடு" எண்டு அங்கத்தயப் பாடத்த இஞ்ச பாடமாக்கி வச்சா, வத்தட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டு அலையில போகவேண்டியதுதான். அதனாலதான் சொல்றன், வெளிநாட்டுச் சாமானோட வாற பாடத்த அப்படியே இறக்காதீங்க. எங்கட கடல் என்ன செய்யும் எண்டு எங்கட புள்ளையள் அளந்து பாக்கட்டும்.

அளக்கிறதுக்கு மாடி வேணாம். ஒரே உயரத்துல ரெண்டு கம்பு, அதுல சென்றிமீற்றர் கோடு, ரெண்டு கம்புக்கும் இடைத் தூரத்த அளக்க ஒரு கயிறு. ஒரு புள்ள தண்ணிப் பக்கம் கம்பப் பிடிக்கட்டும், ஒரு புள்ள மேட்டுல நிண்டு, கீழ நிக்கிற கம்பிட உச்சியயும் தூரத்துல கடலும் வானமும் முட்டுற கோட்டயும் ஒரே நேர்ல பாத்துத் தன்ட கம்புல எத்தனையில வருது எண்டு எழுதட்டும். கரை எவ்வளவு இறங்கிரிக்கி எண்டு கணக்கு வந்திடும். இது எமெரி எண்ட அமெரிக்காக்காரர் 1961-ல எழுதிவச்ச முறை. கரீபியன் தீவுகள்ல யுனெஸ்கோட "சான்ட்வாட்ச்" வேலையில பள்ளிக்கூடப் புள்ளையளே கரைய அளந்து கணக்கு வச்சிரிக்காங்க. மாதம் ஒருக்கா, துறைமுகத்துக்குத் தெக்க ஒரு இடம், வடக்க ஒரு இடம் அளந்தா, ரெண்டு வருஷத்துல மந்திரியே உங்கட கொப்பியத் தேடி வருவாரு.

இந்தியாவுல, மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத் எண்ட மாவட்டத்துல 1972-ல 16 அரசாங்கப் பள்ளிக்கூடத்துல விஞ்ஞானப் படிப்ப இப்படித்தான் தொடங்கினாங்க. மலிவுச் சாமான், புள்ளையளே செய்யிற பரிசோதனை, சோதனைக்குப் புத்தகத்தத் திறந்து வச்சே எழுதலாம். புள்ளையள் கேள்விக் கடிதம் எழுதுறதுக்கு சவாலிராம் எண்டு ஒருத்தர். அப்படி ஒரு ஆளே பொறக்கல்ல, மனே. இல்லாத மனுசன் எல்லாக் கடிதத்துக்கும் பதில் போட்டாரு. இருக்கிற மனுசர் எழுதின கடிதம் இஞ்ச எந்த லாச்சிக்குள்ள கிடக்கோ. அந்தத் திட்டத்தயும் 2002-ல அரசாங்கம் நிப்பாட்டிச்சி. நல்லா நடக்கிற வேலைய நிப்பாட்டுறதுல எந்த நாட்டு அரசாங்கமும் ஒண்டுக்கொண்டு குறைஞ்சதில்ல.

இன்னொண்டு. உங்கட கொமிட்டியில எட்டு ஆம்புள, பொம்புளப் புள்ள ஒண்டும் இல்ல. கிணத்துத் தண்ணி உப்பாகிற முதல் நாள் யாருக்குத் தெரியும்? சோறாக்கிற மனுசிக்குத் தெரியும். உங்களுக்கு அறிக்கை வந்த பொறகுதான் தெரியும். முதல்ல அவங்களக் கூப்பிடுங்க. பொறகு கரைவலைக்காரன், பொறகு டீச்சர்மார், கடைசியா இஞ்சினியர். மேசன் அதுக்கும் பொறகு.

கல்வெட்டுச் சண்டைய அதுமட்டும் வச்சிரிங்க, பழுதாகாது. வாற வெள்ளி, அஸர் தொழுதுட்டு, புள்ளையளக் கூட்டிட்டுத் துறைமுகத்துக்கு வடக்க வாங்க. கம்பு ரெண்டும் நான் வெட்டி வைக்கிறன். கோடு போட மார்க்கர் நீங்க கொண்டு வாங்க. லப்டொப்ப வீட்டுலயே வைங்க, மணல் போயிடும்.