எங்கே நின்று பேசுகிறீர்கள்?
(கேள்வி–பதில்)

பெட்ரோல் பங்கில் ‘செல்போன் பேசாதீர்’ என்று போர்டு. அதன் பக்கத்திலேயே போனில் ஸ்கேன் செய்து பணம் கட்ட க்யூஆர் அட்டை. எதை நம்புவது?
– வாசகர், ஈரோடு

இரண்டையும் நம்புங்கள், பம்பை விட்டுத் தள்ளி வந்து ஸ்கேன் செய்யுங்கள். அமெரிக்காவில் பங்க் தீ விபத்துகளை ஆராய்ந்த பெட்ரோலியம் எக்விப்மென்ட் இன்ஸ்டிடியூட், செல்போனால் பற்றியதாக ஒன்றைக்கூட உறுதிசெய்யவில்லை. அங்கே மாட்டிக்கொண்ட ஆசாமி நிலைமின்சாரம். சீட்டில் உரசி இறங்கும்போது உடம்பில் மின்னூட்டம் ஏறும். அந்த விரல் நாசில் பக்கம் போனால் குட்டிப் பொறி. பெட்ரோல் ஆவிக்கு அதுவே தாராளம்! ஆகவே பைக்காரர்களே, இறங்கி நின்று நிரப்புங்கள். கார்க்காரர்களே, டிக்கிக்குள் கேனை வைத்தபடி பிடிக்காதீர்கள், தரையில் வையுங்கள்.

அப்படியென்றால் போர்டு எதற்கு? உங்கள் போன் எரிவாயுச் சூழலுக்கென்று செய்த கருவி அல்ல. அதைவிடப் பெரிய காரணம், கவனம். பங்க் தம்பியிடம் ‘ஐந்நூறுக்கு’ என்பதையும் வீட்டில் ‘வந்துட்டேன்’ என்பதையும் ஒரே மூச்சில் சொல்கிறவர் வண்டியில்தான் டீசலுக்குப் பதில் பெட்ரோல் ஏறும். போர்டு அப்படியே இருக்கட்டும்.

ஆபத்து நேரத்துக்கு எந்த போன் நல்லது?
– வாசகர், கரூர்

சார்ஜ் இருக்கும் போன்.

சமையலறையில் கேஸ் வாடை வந்தால் எந்த எண்ணுக்கு போன் செய்வது?
– வாசகி, திருப்பூர்

1906. ஆனால் தாயே, சமையலறையில் நின்று அழுத்தாதீர்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படுத்திருக்கும். ஜன்னலைத் திறந்தால் மட்டும் போகாது, கதவையும் திறக்க வேண்டும். ரெகுலேட்டரை மூடுங்கள். எந்தச் சுவிட்சையும் போடாதீர்கள். எரிகிற விளக்கை அணைக்கவும் வேண்டாம், அணைக்கும்போதும் பொறி வரும். எல்லோரையும் அழைத்துக்கொண்டு தெருவுக்கு வந்த பிறகுதான் போன். இன்னொன்று: காலிங் பெல்லும் சுவிட்சுதான்! உதவிக்கு ஓடி வருகிற பக்கத்து வீட்டு மாமா முதலில் அதைத்தான் அழுத்துவார். வீட்டுக்கு வெளியே தள்ளி நின்று அவரைத் தடுக்க ஓர் ஆள் போடுங்கள்.

போன் பேசினால் மின்னல் தேடி வருமாமே?
– வாசகர், தென்காசி

வராது அண்ணாச்சி, மின்னலிடம் உங்கள் நம்பர் இல்லை. வெட்டவெளியில் உயர்ந்து நிற்பது எதுவோ அதைத்தான் அது தேடும். கையில் போன் இருந்தாலும் ஒன்றுதான், மண்வெட்டி இருந்தாலும் ஒன்றுதான். மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போங்கள். உள்ளே போனதும் என் பழைய பல்லவி: சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டுப் பேசுங்கள். வானத்திலிருந்து இறங்கும் மின்சாரம் வீட்டு வயர் வழியே காது வரை வரும். வாரம் தவறாமல் இதைச் சொல்கிறேன், இனியும் சொல்வேன்.

நனைந்த போனை அரிசியில் புதைக்கலாமா?
– வாசகி, கடலூர்

அரிசியை உலையில் போடுங்கள். போனை அணைத்து, துடைத்து, காற்றில் காயவிடுங்கள்.

நிற்கும் கூட்ஸ் வண்டி மேல் ஏறி செல்ஃபி எடுக்க நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். கம்பியைத் தொடாவிட்டால் சரிதானே?
– கல்லூரி மாணவன், சேலம்

சரியில்லை. மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். தொடவே வேண்டாம், பக்கத்தில் போனாலே காற்றைத் தாண்டி உடம்பில் பாயும். வண்டி நிற்கிறது என்பதால் கம்பியில் மின்சாரம் நின்றுவிடாது. ஏறாதே தம்பி. நண்பர்களையும் ஏறவிடாதே, கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இரவில் நெடுஞ்சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தார். 108-ஐ அழைத்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய நேருமோ என்று பயந்து வந்துவிட்டேன். மனசு கேட்கவில்லை.
– பெயர் வேண்டாம், விழுப்புரம்

உங்களைத் திட்ட மாட்டேன். அந்தப் பயம் ஊரெல்லாம் இருக்கிறது. அதைப் போக்கத்தான் 2016-ல் உச்ச நீதிமன்றம், உதவுகிறவர்களைக் காக்கும் வழிமுறைகளுக்குச் சட்ட பலம் தந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவரைப் பெயர், முகவரி சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

அழைத்ததும் முதலில் இடத்தைச் சொல்லுங்கள்: கிலோமீட்டர் கல், எந்த ஊர் நோக்கிப் போகும் பாதை, பக்கத்தில் பாலமா பங்கா. பாதியில் லைன் அறுந்தாலும் இடம் போய்ச் சேர்ந்திருக்கும். பிறகு எத்தனை பேர், மூச்சு இருக்கிறதா என்பது. அவர்கள் வைக்கச் சொல்லும்வரை வைக்காதீர்கள். அதன்பின் உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு லைனை அடைக்காதீர்கள். ஆம்புலன்ஸ்காரர் வழி கேட்டுக் கூப்பிடுவார். சுற்றி நின்று வீடியோ எடுப்பவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. ஆனால் அவர்கள் போனிலும் டார்ச் இருக்கிறது. சாலையோரமாகத் தள்ளி நின்று, எதிரே வரும் வண்டிகளுக்கு அந்த வெளிச்சத்தைக் காட்டச் சொல்லுங்கள். அடிபட்டவர் மேல் இன்னொரு லாரி ஏறாமல் இருக்கும்.

விமானத்தில் பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பலாமா?
– வாசகர், திருச்சி

கூடாது, கைப்பையில்தான். சரக்கறையில் புகைந்தால் பார்க்க ஆளில்லை. உங்கள் காலடியில் புகைந்தால் பணிப்பெண்ணைக் கூப்பிடலாம்.