திரும்பிப் போவீர்களா?

போன இதழில் ஐரோப்பாவின் ஷெங்கன் விசா பற்றி நாலே வரி எழுதினேன். குவாங்சோவில் துணி வியாபாரம் செய்யும் திருப்பூர்க்காரர்களும், சீன மருமகள் வாய்த்த மாமியார்களும் கேள்விகளை மூட்டையாகக் கட்டி அனுப்பிவிட்டார்கள். இந்த வாரம் முழுக்க சீனப் பாஸ்போர்ட்தான். மற்றவர்கள் பொறுத்தருள்க.

கேள்வி: மகனிடம் இந்தியப் பாஸ்போர்ட், மருமகளிடம் சீனப் பாஸ்போர்ட். பாரிஸுக்குப் பத்து நாள் போகிறார்கள். யார் பாடு லேசு?
– கோயம்புத்தூர் வாசகி

பதில்: ரெண்டு பேர் பாடும் ஒன்றுதான். அதே படிவம், அதே 90 யூரோ கட்டணம் (2024 ஜூன் வரை 80 யூரோவாக இருந்தது). விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. கல்யாணம் ஆனதால் பாஸ்போர்ட் ஒன்றாகிவிடாது. இரட்டைக் குடியுரிமை கூடாது என்பதில் மட்டும் டெல்லியும் பெய்ஜிங்கும் சண்டை போடாமல் ஒத்துப்போகின்றன. மருமகள் உங்கள் வீட்டில் முறைப்படி வசிக்கிறார் என்றால் இந்தியாவிலேயே விண்ணப்பிக்கலாம், இதற்காகச் சீனாவுக்கு ஓட வேண்டாம். வித்தியாசம் கோப்புக்குள்தான். மகன் வருமான வரிக் கணக்கைத் தூக்கிக்கொண்டு போவார், மருமகள் ஹூகோவ் புத்தகத்தை.

கேள்வி: ஹூகோவா? அது என்ன, சாப்பிடுகிற சமாசாரமா?
– மன்னார்குடி வாசகர்

பதில்: பழைய ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று, வம்சாவளி மூன்றையும் ஒரே அட்டைக்குள் தைத்தால் அதுதான் ஹூகோவ். 1958-ல் சட்டமாக வந்த குடும்பப் பதிவு முறை. முதலில் குடும்பத் தலைவர், பிறகு ஆளுக்கு ஒரு பக்கம்: பிறந்த தேதி, பூர்வீகம், படிப்பு, கல்யாணம் ஆனதா இல்லையா, எல்லாம் அதில் இருக்கும்.

ஒருமுறை குவாங்சோவில் நண்பருக்குத் துணையாக ஒரு விசா மையத்தில் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா. புத்தகத்தின் எல்லாப் பக்கத்தையும் நகலெடுத்திருந்தார், எதுவும் எழுதாத பக்கங்கள் உட்பட. "காலிப் பக்கம் எதற்கு?" என்று நண்பர் சீன மொழியில் கேட்டார். "ஒளிக்க ஒன்றுமில்லை என்று அவர்களுக்குத் தெரியட்டும்" என்றார் அந்த அம்மா. நண்பர் எழுந்து ஜெராக்ஸ் கடையைத் தேடிப் போனார்.

ஹூகோவோடு கதை முடியாது. கம்பெனிக் கடிதம் வேண்டும்: என்ன பதவி, என்ன சம்பளம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை லீவு, திரும்பி வந்ததும் அதே நாற்காலி காத்திருக்கும் என்ற உறுதி. கம்பெனியின் தொழில் உரிம நகல் வேண்டும். இரண்டிலும் நடுவில் ஐந்துமுனை நட்சத்திரம் போட்ட சிவப்பு வட்ட சீல் விழ வேண்டும். கையெழுத்து மட்டும் போட்டு சீல் இல்லாத கடிதம் அங்கே தாலி கட்டாத கல்யாணம். பென்ஷன்காரர் ஓய்வுச் சான்றைக் காட்டுவார், மாணவர் பள்ளிக் கடிதத்தை. இத்தனை காகிதமும் பதில் சொல்வது ஒரே கேள்விக்கு: திரும்பிப் போவீர்களா? ஈஃபில் கோபுரத்தை ஏன் பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

கேள்வி: சீன நண்பர் ஒருவர், விண்ணப்பிக்க ரெண்டு நாள் இருக்கும்போது மாமனாரிடம் கைமாற்று வாங்கி வங்கிக் கணக்கில் ஒரு லட்சம் யுவான் போட்டார். பலிக்குமா?
– ஷென்ஜென் தமிழர்

பதில்: பெண் பார்க்க வரும் அன்று பக்கத்து வீட்டு சோபாவை இரவல் வாங்கிப் போடுகிற கதை. கேட்பது இன்றைய இருப்பை மட்டுமல்ல, சில மாத வரவு செலவை. மாதம் பிறந்தால் சம்பளம் வந்து, வாடகை போய், மிச்சத்தில் கொஞ்சம் தேங்கி நிற்கும் கணக்கு சின்னதாக இருந்தாலும் பேசும். திடீரென்று ஊதிய கணக்கு, "இது யார் பணம்?" என்று அதிகாரியைக் கேட்க வைக்கும். மாமனார்தான் செலவு செய்கிறார் என்றால் அதையே எழுதி, அவர் கணக்கையும் உறவுச் சான்றையும் இணைக்கச் சொல்லுங்கள். மாமனார் என்று சொல்வதில் என்ன வெட்கம்?

கேள்வி: ஷெங்கன் விசாவில் 90 நாள் என்கிறார்கள். 90 முடிந்ததும் லண்டனில் டீ குடித்துவிட்டு மறுபடி பாரிஸ் போனால் புதுக் கணக்கா?
– ஈரோடு வாசகர்

பதில்: லண்டனில் டீ குடிக்கலாம். கணக்கு மாறாது. எந்த நாளில் நின்று பின்னால் திரும்பிப் பார்த்தாலும் 180 நாளுக்குள் 90-க்கு மேல் கூடாது. நுழையும் நாள் ஒன்று, வெளியேறும் நாள் ஒன்று, இரண்டும் கணக்கில் சேரும். தவிர, 90 என்பது உச்சவரம்பு. பத்து நாள் பயணத்துக்குக் கேட்டால் அதற்குத் தக்க நாள்தான் ஸ்டிக்கரில் எழுதித் தருவார்கள். டீக்குத் தனி விசா என்பதும் ஞாபகம் இருக்கட்டும், பிரிட்டன் ஷெங்கனில் இல்லை.

கேள்வி: இத்தாலியில் மூன்று நாள், சுவிட்சர்லாந்தில் ஐந்து, பிரான்ஸில் இரண்டு. எந்தத் தூதரகத்தில் கொடுப்பது?
– யிவு நகரிலிருந்து ஒரு பொம்மை வியாபாரி

பதில்: சுவிட்சர்லாந்து. அதிக நாள் தங்கும் நாடு எதுவோ, அது. நாள் சமமானால் முதலில் காலை வைக்கும் நாடு. அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறது என்பதற்காக வேறு நாட்டில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கமே போகாமல் வருகிறவர்கள் உண்டு. அடுத்த விசாவில் அது வந்து நிற்கும். விண்ணப்ப விவரம் ஐந்தாண்டு கம்ப்யூட்டரில் கிடக்கிறது.

கேள்வி: இன்ஷூரன்ஸ் கட்டாயமா?
– சேலம் வாசகர்

பதில்: குறைந்தது 30,000 யூரோவுக்கு. சிகிச்சை, ஆஸ்பத்திரி போக, இறந்துபோனால் உடலைத் திருப்பி அனுப்பும் செலவும் அதில் அடங்க வேண்டும். உயிர் போனாலும் திரும்பிப் போவீர்களா என்பதுதான் அவர்கள் கவலை.

கேள்வி: என் சீனத் தோழியின் குடும்பப் பெயர் 'லியூ' மாதிரி உதட்டைக் குவித்துச் சொல்வது. பாஸ்போர்ட்டில் எல்-ஒய்-யு, வங்கி அட்டையில் எல்-வி. எது சரி?
– சென்னை வாசகி

பதில்: இரண்டும் ஒரே பெயர். மேலே இரட்டைப் புள்ளி வைத்த 'யு' கம்ப்யூட்டர் விசைப்பலகையில் இல்லாததால் சீனர்கள் 'வி' தட்டிப் பழகினார்கள், பாஸ்போர்ட் அலுவலகம் 'ஒய்-யு' என்று முடிவு செய்தது. விசாவுக்குப் பாஸ்போர்ட் எழுத்துதான் வேதவாக்கு. டிக்கெட், ஓட்டல், இன்ஷூரன்ஸ் மூன்றிலும் அதையே எழுதச் சொல்லுங்கள். எல்-வி என்று எழுதிக்கொண்டு பாரிஸில் இறங்கினால் கைப்பை வாங்க வந்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: ஜப்பானுக்குச் சுற்றுலா விசா கேட்கும் சீனர்கள் தூதரகத்துக்கு நேரே போகக் கூடாதாமே?
– பினாங்கு வாசகர்

பதில்: சீனாவில் அப்படித்தான் பழக்கம். தூதரகம் பட்டியலிட்ட டிராவல் ஏஜென்சி வழியாகத்தான் காகிதம் உள்ளே போகும். 2000-ல் குழுவாகப் போக மட்டும் அனுமதித்தார்கள். தனியாளாகப் போகும் சுற்றுலா விசா 2009-ல்தான் வந்தது. ஆள் அங்கேயே மறைந்துவிட்டால் ஏஜென்சியின் பெயரும் கெடும். அதனால் சில பயணங்களுக்கு முன்பணம் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், ஊர் திரும்பியதும் போர்டிங் பாஸைக் காட்டச் சொல்கிறார்கள். ஆகவே போர்டிங் பாஸைக் கசக்கி விமான சீட் பையில் செருகிவிட்டு இறங்காதீர்கள் என்று நண்பர்களிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: ஹாங்காங் நண்பர் விசாவே இல்லாமல் ஐரோப்பா போய் வருகிறார். அதுவும் சீனாதானே?
– மதுரை வாசகர்

பதில்: நாடு ஒன்று, அட்டை நிறம் வேறு. பெய்ஜிங்காரரின் சிவப்புக்கு விசா வேண்டும். ஹாங்காங்கின் நீலத்துக்கும் மக்காவின் பச்சைக்கும் வேண்டாம்.

கேள்வி: அமெரிக்கா சீனர்களுக்குப் பத்து வருட விசா கொடுக்கிறதாமே. பத்து வருடம் அங்கேயே உட்கார்ந்துகொள்ளலாமா?
– திருச்சி வாசகர்

பதில்: சினிமா சீசன் பாஸ் வைத்திருப்பவர் தியேட்டரிலேயே படுத்துக்கொள்ள முடியுமா? 2014 நவம்பரில் ஒபாமா பெய்ஜிங் போனபோது அறிவித்த ஏற்பாடு அது. பத்து ஆண்டுக்குள் பலமுறை போய் வாசலைத் தட்டலாம் என்றுதான் அர்த்தம். ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் என்பதை விமான நிலைய அதிகாரி தீர்மானிப்பார். போதாக்குறைக்கு 2016 முதல் 'ஈவஸ்' என்ற இணையப் பதிவும் வந்துவிட்டது. அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காமல் போனால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

கேள்வி: விசாவே வேண்டாத ஊர் எதுவும் கிடையாதா ஐயா?
– சிங்கப்பூர் வாசகி

பதில்: நீங்கள் இருக்கும் ஊரே! 2024 பிப்ரவரி 9 முதல் சீனர்களுக்கு 30 நாள். தாய்லாந்தும் மலேசியாவும் கதவைத் திறந்துவிட்டன.

கேள்வி: சீனப் பாஸ்போர்ட்டில் அருணாசலப் பிரதேசத்தை அவர்கள் இடமாகக் காட்டும் வரைபடம் இருக்கிறதாமே. அதன் மேல் நாம் விசா ஒட்டுவது மானக்கேடு இல்லையா?
– வேலூர் வாசகர்

பதில்: 2012-ல் வந்த மின்னணுப் பாஸ்போர்ட்டில் அந்த வரைபடம் முளைத்தது. நம் தூதரகம் கத்தவில்லை. இந்தியாவின் வரைபடத்தோடு கூடிய விசாவை அதே பாஸ்போர்ட்டில் பதித்துக் கொடுத்தது. வியட்நாமோ அந்தப் பாஸ்போர்ட்டைத் தொடவே மறுத்துத் தனித்தாளில் விசா கொடுத்தது. எனக்கு நம் ஆட்களின் வழிதான் பிடித்திருந்தது.

கேள்வி: சீனத் தோழிக்கு மாமல்லபுரம் பார்க்க ஆசை. விசா கொடுக்கிறோமா இல்லையா?
– புதுச்சேரி வாசகி

பதில்: 2020-ல் நின்றுபோன சுற்றுலா விசாவை 2025 ஜூலை 24 முதல் மறுபடி கொடுக்கிறோம். இணையத்தில் படிவம் நிரப்பி, நேரம் வாங்கி, பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ மையங்களில் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் கொல்கத்தா–குவாங்சோ நேரடி விமானமும் திரும்ப வந்தது. ஷி ஜின்பிங் 2019 அக்டோபரில் வந்து அர்ச்சுனன் தபசைப் பார்த்துவிட்டுப் போனார், வரிசையில் நிற்காமல்.

கேள்வி: அந்தக் காலத்தில் யுவான் சுவாங் காஞ்சிபுரம் வரை வந்தாரே, அவர் யாரிடம் விசா வாங்கினார்?
– காஞ்சிபுரம் மாணவர்

பதில்: யாரிடமும் இல்லை. 7-ஆம் நூற்றாண்டில் சீனர் எல்லை தாண்டக் கூடாது என்று தாங் பேரரசின் தடை இருந்தது. அதை மீறி ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பியவர் அவர். உங்கள் ஊரிலிருந்து இலங்கைக்குப் போக நினைத்தார். அங்கிருந்து வந்த பிக்குகள் பஞ்சம், குழப்பம் என்று சொன்னதால் திட்டத்தை மாற்றிக்கொண்டார். போகும்போது வாங்காத அனுமதியை ஊர் திரும்பும்போது கேட்டார்: வழியில் கோட்டான் நகரிலிருந்து பேரரசருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். வரச் சொல்லிப் பதில் வந்தது.