மழை வந்தால் ஸ்ரீரங்கம்

உறையூரில் மழை பிடித்தால் தறி நிற்கும். எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் எல்லாமே குழித்தறி. இரண்டு நாள் அடைமழை பெய்தால் போதும், கால் வைக்கிற குழியில் நீர் ஊறிவிடும். தகர டப்பாவால் மொண்டு மொண்டு ஊற்றினாலும் வற்றாது. நெடுக்கு நூலான பாவின் பாடு அதைவிட மோசம். பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, பாவாற்றியால் நீவி, வெயிலில் காயவிட்டால்தான் இழைக்குத் தெம்பு வரும். ஈரக் காற்றில் கஞ்சி காயாது. காயாத பாவைத் தறியில் ஏற்றினால் இழை இழையாக அறும். ஓடாத தறிக்குக் கூலி கிடையாது. அதனால் ஐப்பசியும் கார்த்திகையும் எங்கள் வீட்டில் கடன் வாங்குகிற மாதங்கள். அப்பாவோடு நாங்கள் ஊர் சுற்றியதும் அந்த மாதங்களில்தான்.

வெயில் நாளில் அவருக்கு நேரம் ஏது? விடிவதற்கு முன் குழியில் இறங்கினால் விளக்கு வைத்த பிறகுதான் ஏறுவார். அம்மாவுக்கு ஊடை நூலைத் தாரில் சுற்றவே பொழுது சரியாக இருக்கும். மழை நாளில் மட்டும், “கூரையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா மனசு கெட்டுப்போகும், கிளம்புங்க” என்பார் அப்பா.

முதலில் வெக்காளியம்மன் கோயில். அம்மனுக்குக் கூரை இல்லை. மண்மாரி பெய்து உறையூர் புதைந்தபோது வீடிழந்து நின்றவர்கள் அத்தனை பேருக்கும் கூரை கிடைக்கும்வரை தனக்கும் வேண்டாம் என்று வெட்டவெளியில் இருக்கிறாள் என்பது ஊர் நம்பிக்கை. வேண்டுதலைத் தாளில் எழுதி அங்குள்ள சூலத்தில் கட்டுவார்கள். மழை விடவேண்டும், தறி ஓடவேண்டும் என்று அப்பா எழுதுவார். முடிச்சுப் போடுவதற்குள் மை கரைந்து அவர் விரலெல்லாம் நீலமாகிவிடும். அதே சூலத்துக்கு மறுபக்கம் நின்று நானும் தம்பியும் நாளைக்கும் மழை பெய்யவேண்டும் என்று கும்பிடுவோம்.

அங்கிருந்து டவுன் பஸ்ஸில் சத்திரம் பஸ் நிலையம். தெப்பக்குளத்தருகே லூர்து மாதா கோயிலில் ஒதுங்குவோம். பிரான்சு தேசத்து லூர்து கோயிலின் சாயலில் கட்டியது என்று அப்பா சொல்லுவார். யாரிடம் கேட்டாரோ, சரியாகத்தான் சொன்னார். பிறகு ஸ்ரீரங்கம். “மாப்பிள்ளை வீட்டுக்குப் போறோம்” என்பாள் அம்மா. உறையூர்ப் பெண்ணான கமலவல்லி நாச்சியாரைக் கொண்டவர் அல்லவா அரங்கன்! பங்குனி ஆயில்யத்தில் உற்சவர் நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்கு வந்து நாச்சியாரோடு சேர்த்தி சேவை தருவதை இன்றும் எங்கள் ஊர் வீட்டு விசேஷமாகவே கொண்டாடுகிறது.

தெற்கு வாசலில் அப்போது மொட்டைக் கோபுரம்தான். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தொடங்கி, அடித்தளத்தோடு நின்றுபோனது. அந்தக் கல் வாசலுக்குள் மழைக்கு ஒண்டி நின்று புளியோதரை சாப்பிடுவோம். சாப்பிட்டதும் அப்பா நேரே வேணுகோபாலன் சந்நிதிக்கு நடப்பார். வெளிச்சுவரில் வீணையோடும் கண்ணாடியோடும் நிற்கிற பெண் சிற்பங்களின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. “கொசுவத்தைப் பாரு. சிற்பி துணி தெரிஞ்சவன்” என்பார்.

போன ஐப்பசியில் மகள் குடும்பத்தோடு வந்திருந்தாள். அவர்கள் இருப்பது பிரான்சில், துலூஸ் நகரத்தில். காலையில் மழை பிடித்ததும் மாப்பிள்ளை போனைப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு வேண்டாம் மாமா, நாள் பூரா மழைதானாம்” என்றார். மழை என்பதற்காகத்தான் போகவேண்டும் என்று நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் காரை எடுத்தார்.

எங்கள் பழைய தெருவில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். பாவு நீட்டிய இடமெல்லாம் வரிசையாக பைக் நிற்கிறது. கிரேக்க நூலான பெரிப்ளூஸ் சொல்லும் ‘அர்கரு’ உறையூர்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். இங்கே நெய்த மெல்லிய துணி அன்றைக்கே கடல் கடந்திருக்கிறது. 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது சாயத்தொட்டி ஒன்றும் கிடைத்தது. அப்படிப்பட்ட ஊரில் எங்கள் தெருவில் மிஞ்சியிருப்பது சித்தப்பாவின் தறி மட்டும். அதுவும் அன்று நின்றிருந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்தவரை, “வாங்க சித்தப்பா, ஸ்ரீரங்கம் போவோம்” என்று ஏற்றிக்கொண்டோம். மழை நாளுக்கு இப்போதாவது ஏதாவது கூலி உண்டா என்று கேட்டேன். “ஓடின முழத்துக்குத்தாம்பா காசு” என்றார். எனக்கு ஆறவில்லை. குழியில் நீர் நிற்கிற நாளுக்கு நெசவாளிக்குப் பாதிக் கூலியாவது கொடுத்தால் என்ன?

லூர்து மாதா கோயிலைப் பேத்திக்கு உடனே அடையாளம் தெரிந்தது. அசல் கோயிலை அவளும் மழையில்தான் பார்த்திருக்கிறாள். ஸ்ரீரங்கத்தில் 236 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். 1987 மார்ச்சில் குடமுழுக்கு கண்ட 13 நிலையும் உச்சியில் மேகத்தோடு கலந்து கிடந்தது. மேலே அவ்வளவு உயர்ந்தாலும், மழைக்கு ஒதுங்க இன்றைக்கும் அதே கல் வாசல்தான். 1752-ல் ஜாக் லாவின் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் தீவில் முகாமிட்டு, கடைசியில் ஆங்கிலேயரிடம் சரணடைந்ததைச் சொன்னேன். “எங்க ஸ்கூல்ல இதைச் சொல்லவே இல்லையே தாத்தா” என்றாள்.

வேணுகோபாலன் சந்நிதிக்குச் சித்தப்பா யாரும் வழிகாட்டாமலே நடந்தார். அவருக்கும் முகம் முக்கியமில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு சிற்பத்தின் தொடையருகே உற்றுப் பார்த்தார். “இவ்வளவு ஒட்டிக் கிடக்குன்னா நூறாம் நம்பர் நூலாத்தான் இருக்கணும்” என்றார். பேத்தி என் மகளிடம் பிரெஞ்சில் என்னவோ கேட்டாள். அம்மாவுக்கு அந்த மாதிரிச் சேலை வாங்கவேண்டுமாம், எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கிறாளாம்.

“கடை எதுக்குக் கண்ணு? என் தறிக்குத்தான் அந்தப் பாவு. வெயில் வரட்டும், காய்ஞ்சதும் நெய்ஞ்சு தர்றேன்” என்றார் சித்தப்பா.