தயவுசெய்து அணைக்க வேண்டாம்

எங்கள் வீட்டில் என்னிடம் "தயவுசெய்து" போட்டுப் பேசுகிற ஒரே ஜீவன் டிவியின் முதுகில் தொங்குகிறது. மினி பிசி என்று பெயர். கொள்ளளவு சுமார் ஒரு லிட்டர். ஏதோ ஓர் அலுவலகத்தில் வருடக்கணக்கில் உழைத்து ஓய்வுபெற்று, ரிச்சி தெரு வழியாக எங்கள் கூடத்துக்கு மறுவாழ்வு தேடி வந்தது. அதை ஆன் செய்யும்போதெல்லாம், லினக்ஸ் எழுந்து வருவதற்கு முன், கறுப்புத் திரையில் ஒரு வரி தோன்றும். ஃபர்ம்வேரில் பிழை இருக்கிறது, தயவுசெய்து மைக்ரோகோடைப் புதுப்பிக்கவும் என்று ஆங்கிலத்தில் வேண்டிக்கொள்ளும். கண்ணை மூடித் திறந்தால் போய்விடும். என் மனைவி அதைப் பார்த்ததில்லை. மாமியார் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் அவர்கள் பாட்டுக்கு யூடியூபில் கோலம் பார்க்கப் போயிருப்பார்கள். நான்தான் பார்த்துத் தொலைத்தேன்.

விஷயம் இவ்வளவுதான். பெட்டிக்குள் இருப்பது 2015-இல் வந்த ஆறாம் தலைமுறைச் சில்லு. குறித்த நேரத்துக்கு மணியடிக்க அதற்குள் ஒரு டைமர் உண்டு. அதில் ஒரு கோளாறு. சில்லுக்குள்ளேயே ஓடும் மைக்ரோகோடு பழையதாக இருந்தால், லினக்ஸ் கெர்னல் அந்த டைமரை நம்பாது. வேறு வழியில் நேரம் பார்த்துக்கொண்டு தன் வேலையைத் தொடரும். பாட்டு ஓடும், படம் ஓடும், ஒரு குறையும் தெரியாது. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு மரியாதையாக ஒருவர் கேட்டு நான் செய்யாமல் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. இவ்வளவு மரியாதையாக யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

"கிச்சன் குழாய் சொட்டுது சொட்டுதுன்னு தொண்டை கிழியக் கத்துறேன், அது காதுல விழல. இமைக்கிற நேரத்துல வந்துட்டுப் போற வரி மட்டும் கண்ணுல படுதாக்கும்?" என்றாள் மனைவி.

"குழாய்ல ஃபர்ம்வேர் இல்லம்மா" என்றேன். அன்று ராத்திரி சப்பாத்திக்குக் குருமா வரவில்லை.

இந்தப் பெட்டிக்கு லினக்ஸ் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் எட்டாம் தலைமுறைச் சில்லாவது வேண்டும். எங்களுடையது ஆறு. இரண்டு தலைமுறையில் தகுதி இழந்து வாசலில் நின்ற பெட்டியை லினக்ஸ் ஜாதகம் கேட்காமல் உள்ளே அழைத்துக்கொண்டது. அன்றைக்கு நான் குடும்பத்தைக் கூட்டி உட்கார வைத்து, எல்லோர் முன்னிலையிலும் விண்டோஸை வேரோடு அழித்தேன். கட்டற்ற மென்பொருள் குறித்து ஒரு சிற்றுரையும் ஆற்றினேன். மூடிய நிரல் ஒரு சொட்டுகூட இதற்குள் நுழையக் கூடாது என்று, நிறுவும்போது வந்த கேள்விகளுக்கெல்லாம் கொள்கையோடு "வேண்டாம்" என்றே பதில் கொடுத்தேன். உரையின் உச்சத்தில் மாமியார் கைதட்டினார். கொசு.

அந்த வரிக்கு வருகிறேன். பெட்டியின் ஃபர்ம்வேரான பயாஸைப் புதுப்பித்தால் அதற்குள்ளேயே புது மைக்ரோகோடும் வந்துவிடும் என்று படித்தேன். பெட்டியைத் தயாரித்த கம்பெனி அதை இலவசமாகவே கொடுக்கிறது. ஆனால் எக்ஸி கோப்பாகக் கொடுக்கிறது. அதை ஓட்ட விண்டோஸ் வேண்டும். எந்த விண்டோஸ்? நான் குடும்பத்தார் முன்னிலையில் வேரோடு அழித்த விண்டோஸ். இந்தப் பதிப்பில் என்ன புதிது என்ற இடத்தில் "நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது" என்று ஒரு வரி. அதன் கீழேயே, கணினி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் இதைச் செய்ய அவசியமில்லை என்று இன்னொரு வரி. இரண்டாவது வரியை மனைவியின் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டேன்.

இதில் கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை. பயாஸ் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விண்டோஸோடு ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். கணினி எழும்போது பயாஸ் தந்த அட்டவணைகள் "வந்திருப்பது எந்த விண்டோஸ்?" என்று விசாரிக்கும். லினக்ஸ் கூசாமல் "நான் விண்டோஸ்தான்" என்று சொல்லிவிடும். கல்யாண மண்டபத்துப் பந்தியில் பெண் வீட்டார் கேட்டால் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா என்று சொல்லி இலையில் உட்காருகிற ஆசாமியின் சாமர்த்தியம் இது. உண்மையைச் சொல்லிப் பார்த்த காலமும் உண்டு. "லினக்ஸா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்றால், சோதித்தே பார்க்காத ஏதோ ஒரு மூலைக்குப் போய் முட்டிக்கொள்கிறது என்று கண்டு, கெர்னல்காரர்கள் அந்தப் பதிலையே நிறுத்திவிட்டார்கள். கட்டற்ற மென்பொருளின் சத்தியத்தைப் பற்றி நான் உரையாற்றிக்கொண்டிருந்தபோது, பெட்டி உள்ளே இந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

லினக்ஸிலிருந்தே ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க எஃப்டபிள்யூஅப்டி என்று அருமையான ஒரு கருவி இருக்கிறது. கம்பெனிகள் தங்கள் கோப்புகளைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றி வைத்தால், டெர்மினலில் ஒரு வரி தட்டினால் போதும். தட்டினேன். எங்கள் பெட்டிக்கு அங்கே ஒன்றும் இல்லை என்று பணிவாகச் சொன்னது. ஆக, எக்ஸியை லினக்ஸிலேயே பிரித்து, உள்ளே இருக்கும் பயாஸ் கோப்பை மட்டும் வெளியே எடுத்து, ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் போட்டு, பயாஸிடமே நேரடியாகக் கொடுப்பது ஒன்றுதான் வழி.

வீட்டில் பென் டிரைவ் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மாமியாருடையது. காலையில் சுப்ரபாதத்தில் தொடங்கி இரவு மங்களம் வரைக்கும் அதில் அடக்கம். அதைப் பூஜையறை ஸ்பீக்கரில் சொருகி வைத்திருப்பார்.

"பாட்டெல்லாம் காப்பி எடுத்து வச்சிட்டு, வேலை முடிஞ்சதும் அப்படியே திருப்பிப் போட்டுத் தந்துடுறேன் அத்தை."

"அப்படியேன்னா அப்படியேதானே மாப்பிள்ள?"

"அப்படியேதான்."

அடுத்து பயம். பயாஸ் இருப்பது மதர்போர்டில் உள்ள எட்டுக்கால் ஃபிளாஷ் சிப்பில். அதை எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பெட்டி செங்கல். அதற்கென்று ஒரு புரோகிராமரும் கிளிப்பும் வைத்திருக்கிற கடைக்காரர்தான் சிப்பில் திரும்ப எழுதி உயிர் கொடுக்க வேண்டும். ராத்திரி தூக்கம் வராமல் இதன் சரித்திரத்தைப் படித்தேன். தூக்கம் இன்னும் தூரம் போயிற்று. 1998-இல் சிஐஎச் என்று ஒரு வைரஸ். தைவானில் ஒரு கல்லூரி மாணவர் எழுதியது. செர்னோபில் விபத்து நடந்த அதே ஏப்ரல் 26-ஆம் தேதியில் 1999-இல் விழித்துக்கொண்டு, டிஸ்க்கை அழித்ததோடு நிற்காமல் பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதிப் போட்டது. அது வில்லன், போகட்டும். நல்லவர்கள் செய்ததும் உண்டு. 2017 டிசம்பரில் உபுண்டு 17.10-ஐத் தரவிறக்கத்திலிருந்தே கொஞ்ச நாள் எடுத்துவிட்டார்கள். அதிலிருந்த ஒரு டிரைவர், சில லேப்டாப்புகளின் பயாஸைக் கெடுத்து, எந்த அமைப்பையும் சேமிக்க முடியாமல் செய்துவிட்டது. 2016-இல் இன்னொரு கூத்து: ஒருவர் லினக்ஸில் எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைக் கொடுக்க, ஃபர்ம்வேரின் மாறிகளும் சேர்ந்து அழிந்து லேப்டாப்பே எழவில்லை. அதற்குப் பிறகுதான் அவற்றை எளிதில் அழிக்க முடியாதபடி கெர்னலில் பூட்டுப் போட்டார்கள்.

இவ்வளவும் படித்த மனிதன் என்ன செய்ய வேண்டும்? பென் டிரைவை மாமியாரிடம் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். நான் இன்வெர்ட்டரைப் பார்க்கப் போனேன்.

எங்கள் இன்வெர்ட்டர் விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டும். டிவி பிளக்கையும் சேர்க்கலாமா என்று எலக்ட்ரீஷியன் கேட்ட அன்று, கரண்ட் போனாலாவது இந்த வீட்டில் டிவி ஓடாமல் இருக்கட்டும் என்று தீர்க்கதரிசனத்தோடு மறுத்தவன் நான். இப்போது படுக்கையறையிலிருந்து கூடம் வரைக்கும் எக்ஸ்டென்ஷன் இழுக்க வேண்டியதாயிற்று. இன்வெர்ட்டரின் முதுகில் யூபிஎஸ் மோடு என்று ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அதைப் போடாவிட்டால் கரண்ட் மாறுகிற இடைவெளியிலேயே கம்ப்யூட்டர் விழுந்து எழும். ஒட்டடையை விலக்கி அதைப் போட்டேன். மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் எதையும் தொடக் கூடாது என்று உத்தரவும் போட்டேன். உத்தரவு போடும் சந்தர்ப்பம் எனக்கு எப்போதாவதுதான் வாய்க்கிறது. கொஞ்சம் நீட்டியே போட்டேன்.

பெட்டி டிவியில் மாட்டியிருப்பதில் ஒரு சங்கடம். மற்றவர்கள் பயாஸைத் தனியறையில், கதவைச் சாத்திக்கொண்டு புதுப்பிக்கலாம். எனக்கு 43 அங்குலத் திரையில், கூடத்தில், சீரியலை நிறுத்திய கோபத்தில் இருக்கும் இருவர் முன்னிலையில்தான் வாய்த்தது. பெட்டிக்கு விபூதி பூசட்டுமா என்று மாமியார் கேட்டார். காற்றோட்டத் துளைகளை நினைத்து, குங்குமம் போதும் என்றேன்.

"எவ்வளவு நேரங்க ஆகும்?"

"அஞ்சே நிமிஷம்."

பென் டிரைவைச் சொருகி, பயாஸுக்குள் போய், கோப்பைக் காட்டி, "நிச்சயமாகவா?" என்று கேட்டதற்கெல்லாம் நிச்சயமில்லாமல் ஆம் என்றேன். அணைக்க வேண்டாம் என்று ஒரு பெரிய எச்சரிக்கை. அதன் கீழே சதவீதம். அவ்வளவு பெரிய எழுத்தில் ஒரு சதவீதத்தை நான் மகனின் மதிப்பெண் பட்டியலில்கூடப் பார்த்ததில்லை. ஏறியது. நின்றது. ஏறியது. மனிதன் செய்வதற்கு அங்கே எதுவும் இல்லை; ஆனாலும் நான் கையில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

நூறு தொட்டது. திரை அணைந்தது. பெட்டியின் விசிறி, அதற்குள் இத்தனை காற்று இருக்கிறதா என்று வியக்கும்படி இரைந்தது. பிறகு அதுவும் ஓய்ந்தது. டிவியில் "சிக்னல் இல்லை" என்ற கட்டம் மூலைக்கு மூலை மிதக்க ஆரம்பித்தது. பயாஸ் மாறிய பின் பெட்டி தானாகவே விழுந்து விழுந்து எழும், மெமரியையெல்லாம் புதிதாகச் சோதித்துப் பழகிக்கொள்ளும், அதுவரைக்கும் படமே வராது, பொறுமை தேவை. இது அத்தனையும் எனக்குத் தெரியும். மனப்பாடமாகத் தெரியும். என் கைக்குத்தான் தெரியவில்லை. அது தானாகப் பவர் பட்டனை நோக்கிப் போயிற்று.

"போயிடுச்சா மாப்பிள்ள?" என்றார் மாமியார், துஷ்டி வீட்டுக் குரலில்.

"ஏங்க, கைய எடுங்க" என்றாள் மனைவி. "அணைக்க வேண்டாம்னு அவ்ளோ பெருசாப் போட்டிருந்துச்சே, படிக்கலயா?"

எடுத்தேன். சற்று நேரத்தில் கம்பெனியின் சின்னம் ஜம்மென்று வந்தது. தொடர்ந்து, துவக்க எதுவும் கிடைக்கவில்லை என்ற செய்தியும் வந்தது. பதறவில்லை. புதுப்பித்ததில் அமைப்புகளெல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடிக்குத் திரும்பிவிட்டன. லினக்ஸ் எந்த இடத்தில் குடியிருக்கிறது என்ற குறிப்பும் அதோடு போய்விட்டது. உள்ளே போய் யூஇஎஃப்ஐ முறைக்கு மாற்றி, லினக்ஸின் கோப்பைக் கைகாட்டிவிட்டேன். கரண்ட் வந்ததும் பெட்டி தானாக எழும் வசதியும் அணைந்து கிடந்தது, அதையும் போட்டேன். அதைப் போடாவிட்டால் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் டிவிக்குப் பின்னால் கையை விட்டு, பல்லி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, பட்டனை அழுத்த வேண்டும்.

லினக்ஸ் எழுந்தது. அந்த வரி வரவில்லை. மறுபடி அணைத்து எழுப்பினேன். வரவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"என்ன இருக்கு இங்க?"

"ஒண்ணும் இல்ல. அதான் விஷயமே."

அவள் எக்ஸ்டென்ஷன் வயரைத் தாண்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

கோவையில் ஹாஸ்டலில் இருக்கும் மகனுக்கு ஃபோன் போட்டு, சிஐஎச் வைரஸிலிருந்து ஆரம்பித்து விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"அப்பா, மைக்ரோகோடுக்குத் தனியா ஒரு பேக்கேஜ் இருக்குமே. அதப் போட்டிருந்தா பூட் ஆகும்போது கெர்னலே ஏத்திக்கும். அந்த வரியும் வராது. இன்ஸ்டால் பண்ணும்போதே கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு. வேண்டாம்னேன். அது மூடிய நிரல். கொள்கைன்னு ஒண்ணு இருக்குடா."

"இப்ப பயாஸுக்குள்ள வந்திருக்கே, அதுவும் அதே மூடிய மைக்ரோகோடுதானேப்பா?"

டவர் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

அன்றே பென் டிரைவைத் துடைத்து, பாட்டுகளையெல்லாம் திரும்ப ஏற்றி, ஒன்றுகூடக் குறையவில்லை என்று எண்ணிக்கை சரிபார்த்து மாமியாரிடம் ஒப்படைத்தேன். ஃபேட்32-இல் ஒரு குணம் உண்டு. கோப்புகள் எந்த வரிசையில் எழுதப்பட்டனவோ அந்த வரிசையில்தான் பதிவேட்டில் நிற்கும். மலிவான ஸ்பீக்கர்கள் பெயரைப் பார்க்காமல் அந்த வரிசையிலேயே பாடிக்கொண்டு போகும். விடியற்காலையில் பூஜையறையிலிருந்து மங்களம் கேட்டது. அதன் பின்னே தாலாட்டு. சுப்ரபாதம் எட்டரை மணிக்கு வந்தது.

"சாமிய எழுப்புறதுக்கு முன்னாடியே மங்களம் பாடித் தூங்க வச்சிட்டீங்களே மாப்பிள்ள!"

"அத்தை, இதுக்குன்னே லினக்ஸ்ல ஃபேட்சார்ட்னு ஒரு புரோகிராம் இருக்கு. அந்தப் பென் டிரைவ மட்டும் கொஞ்சம் குடுங்க..."

மாமியார் அதை உருவி முந்தானையில் முடிந்துகொண்டார். மனைவி ஸ்பேனரைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.